முன் ஸ்ட்ரட் மாற்றுதல்: எதை வாங்குவது, எந்த வேலையை யாரிடம் விடுவது

சிறிய மோட்டார் காரின் முன்புறத்தில், சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் ஸ்ட்ரட் என்னும் உறுப்பை நம்மில் பெரும்பாலோர் ஷாக் அப்சார்பர் என்றே அழைத்து, குழிகளில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தணிக்கும் ஒரு குழாய் என்ற அளவிலேயே அதை அறிந்திருந்தாலும், உண்மையில் அது ஒரே சமயத்தில் மூன்று கடமைகளை நிறைவேற்றுகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்கும் காயில் ஸ்பிரிங்குக்கு அது பீடமாக இருக்கிறது. அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்போது ஓயாமல் துள்ளிக்கொண்டே இராதபடி அடக்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்ப வேண்டுமோ அந்த அச்சாகவும் அமைகிறது. இந்த மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, "நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற சமாசாரந்தானே" என்று வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதல் கடமையிலிருந்து அபாயமும், மூன்றாவது கடமையிலிருந்து நஷ்டமும் வந்து சேர்கின்றன. அமுங்கிய ஸ்பிரிங் கட்டவிழ்ந்தால் ஆளைக் காயப்படுத்தும். திரும்பும் அச்சு ஓரிரு மில்லிமீட்டர் விலகினால் புது டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். ஆகையால் இந்தக் காரியத்தைத் தொடங்குமுன், எதை வாங்குவது, எவ்வளவு வேலையை வீட்டில் வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியில் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் நிதானமாக விடை கண்டுகொள்வது அவசியம்.

இந்த அமைப்பைச் சிருஷ்டித்தவர் எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இஞ்சினீயர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் செவ்ரோலே கேடட் என்ற பெயரில் ஒரு சிறிய, மலிவான காரை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1947இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கார் கடைக்கு வராமலே போயிற்று. ஃபோர்டு கம்பெனிக்கு மாறிய மெக்ஃபர்சனின் யோசனை, 1950இல் இங்கிலாந்தில் வெளியான கான்சல், ஸெஃபிர் என்ற இரண்டு கார்களில் பலித்தது. பல கைகளும் பல மூட்டுகளும் கொண்ட பழைய முன் அமைப்புக்குப் பதிலாக, கீழே ஒரு கை, மேலே ஒரு குழாய் என்று சுருக்கமாக முடிந்த இந்த ஏற்பாடு, செலவையும் இடத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்தியமையால் சிறிய கார்களுக்கென்றே பிறந்ததுபோலப் பொருந்திவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நமது மத்தியதரக் குடும்பங்களின் வாசலுக்கு அது வந்து சேர்ந்தது. 1998இலிருந்து ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியான சான்ட்ரோவிலும், பின்னர் வந்த ஆல்டோ, ஸ்விஃப்ட் முதலியவற்றிலும் இதே அமைப்புத்தான். ஆதலால் ஒரு வண்டிக்குக் கூறுவது மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும். நான் இங்கே மனத்தில் வைத்துக்கொள்வது 800, ஆல்டோ போன்ற எடை குறைந்த வண்டிகளை.

எதை வாங்குவது என்று கடைக்குப் புறப்படுமுன், பழுது ஸ்ட்ரட்டில்தானா என்று நிச்சயித்துக்கொள்வது உத்தமம். முன்புற மட்கார்டின் மூலையை இரண்டு கைகளாலும் பலமாக அழுத்திவிட்டால், நல்ல ஸ்ட்ரட் உள்ள வண்டி ஒருமுறை எழுந்து தன் இடத்தில் அமர்ந்துவிடும். செத்துப்போன ஸ்ட்ரட் உள்ள வண்டியோ இரண்டு மூன்று தடவை ஆடிய பின்னரே ஓயும். ஆனால் இந்தப் பரீட்சையில் தேறிவிட்ட காரணத்தால் மட்டும் ஸ்ட்ரட் நலமாக இருக்கிறது என்று கொள்வதற்கில்லை. பாதி தேய்ந்த ஸ்ட்ரட், கையின் மெதுவான அழுத்தத்துக்கு ஈடுகொடுத்துவிட்டு, சாலையின் வேகமான உதைப்புக்கு ஈடுகொடுக்காமல் போவது சாதாரணமாக நிகழ்வது. அதைவிட நம்பத்தக்க சாட்சி டயர்தான். உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் ஒரு சுற்று மெல்ல ஓட்டிப் பார்த்தால், மேடும் பள்ளமுமாக அலையலையாய்த் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தட்டுப்படும். சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பிரேக் போடும்போது முன்புறம் அளவுக்கு மீறித் தாழ்வதும், குழாயின் மேல் ஓரத்திலிருந்து எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து கரிய சேறாகப் படிந்திருப்பதும் மற்ற இரண்டு அடையாளங்கள். குழாயின் மேல்பாகத்தில் ஈரம் பூத்தாற்போல லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. குழாயின் வாயை அடைக்கும் சீலை நனைத்துக்கொண்டு சிறிதளவு எண்ணெய், உள்ளே ஏறி இறங்கும் தண்டோடு வெளியே வருவது அதன் இயல்பு.

சத்தத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். சிறு குழிகளில் மெதுவாக ஏறி இறங்கும்போது "டொக், டொக்" என்று கேட்கும் சத்தம், லோயர் ஆர்ம் என்னும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் கிழிந்ததாலும் வரும், பால் ஜாயின்ட் தளர்ந்ததாலும் வரும், சில வண்டிகளில் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் லிங்க் ராட் தேய்ந்ததாலும் வரும். இந்தச் சின்ன உறுப்புகளின் குற்றத்துக்காக நல்ல ஸ்ட்ரட்டுகள் குப்பைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. பானட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலை வந்து சேரும் இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஸ்பிரிங் வழவழப்பாகத் திரும்பாமல் இறுகி நின்று, பிறகு "டங்" என்று ஒரு குதி குதித்தால், போயிருப்பது மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங், ஸ்ட்ரட் அல்ல. ஆனால் அந்தப் பேரிங்கை மாற்றவும் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கியே ஆக வேண்டுமாதலால், வண்டி 80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அந்தத் தூரத்தில் ஸ்ட்ரட்டைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்பது உற்பத்தியாளர் பலரும் கூறும் பொது விதி. நம் ஊர்ச் சாலைகளில் அதற்கு முன்னரே பரிசோதிப்பதும் தகும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, கார் வழுக்கி ஏறி வழுக்கி இறங்கும்படி அமைய வேண்டும். தெருக்களில் நாம் காண்பதோ ஒரு முழ அகலத்தில் சுவர்போல எழும்பி நிற்பது. ஒவ்வொன்றும் ஸ்ட்ரட்டின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கடையில் நமக்கு முன் வைக்கப்படுபவை நான்கு வகை: கார் கம்பெனியின் முத்திரையோடு வரும் ஸ்ட்ரட், கேப்ரியல் போன்ற, ஷாக் அப்சார்பர் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனியின் ஸ்ட்ரட், பெயர் தெரியாத மலிவுச் சரக்கு, ரீகண்டிஷன் செய்யப்பட்ட பழைய ஸ்ட்ரட். முதல் இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுப்பது பெரிய பிரச்னை அல்ல. கார் கம்பெனிகள் ஸ்ட்ரட்டைத் தாங்களே வார்ப்பதில்லை; இத்தகைய தொழிற்சாலைகளிலிருந்தே அது வருகிறது. ஓசூரிலேயே அப்படிப்பட்ட ஆலைகள் உள்ளன. ஆதலின் எது உடனே கிடைக்கிறதோ, எதற்குக் கடைக்காரர் பில்லும் உத்தரவாதமும் தருகிறாரோ, அதை வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். வண்டியின் மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயருள்ள காரிலேயே ஏ.பி.எஸ். உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒயரைப் பிடிக்கும் காது வேறுபடக்கூடும். சேஸிஸ் நம்பரைக் காட்டி வாங்குவதே நல்லது. இடது வேறு, வலது வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரீகண்டிஷன் வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் பலர் அதில் மயங்குகிறார்கள். ஸ்ட்ரட்டின் உள்ளே ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாயும், அதனுள் சின்னஞ்சிறு துவாரங்களும் மெல்லிய தகட்டு வால்வுகளும் கொண்ட பிஸ்டனும் இருக்கின்றன. ஸ்பிரிங் அமுங்கி எழும்போது எண்ணெய் அந்தத் துவாரங்களின் வழியே நெருக்கிக்கொண்டு பாய வேண்டியிருப்பதால், துள்ளலின் சக்தி உஷ்ணமாக மாறிக் குழாயின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. எழும்பும் திசையில் தடை மிகுதியாகவும் அமுங்கும் திசையில் குறைவாகவும் இருக்கும்படி வால்வுகள் அமைக்கப்பட்டிருக்கும். ரீகண்டிஷன் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, குழாயில் ஒரு துளையிட்டு, ஏதோ ஓர் எண்ணெயை நிரப்பி, துளையை வெல்டிங்கால் அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசுவது. தேய்ந்த வால்வும் கோடு விழுந்த தண்டும் கிழிந்த சீலும் அப்படியேதான் இருக்கும். கையால் அழுத்திப் பார்க்கையில் கெட்டியான எண்ணெய் காரணமாக இறுக்கமாகத் தோன்றும் அது, நெடுஞ்சாலையில் சூடேறியவுடன் தளர்ந்துவிடும். வாயு அடைத்த ஸ்ட்ரட்டில் துளையிட்டு வெல்டிங் செய்வதோ செய்கிறவருக்கே அபாயமானது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு இதைவிடச் சற்று மேல் என்பதைத் தவிர அதற்காகப் பரிந்து பேச ஒன்றுமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஸ்ட்ரட்டும் அப்படித்தான்: கண்ணாடி, கதவு, சீட்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம், தேய்வதையே பிறவித் தொழிலாகக் கொண்ட உறுப்பைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை.

ஆயிலா, கேஸா என்ற கேள்வியும் கடையில் எழும். கேஸ் என்று சொல்லப்படுவதிலும் வேலை செய்வது எண்ணெய்தான். அதன் மேலே நைட்ரஜன் வாயு கொஞ்சம் அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடும்போது எண்ணெய் நுரைத்துப்போய்த் தன் பிடிப்பை இழப்பதை அந்த வாயு தடுக்கிறது. சவாரி இம்மியளவு விறைப்பாகத் தெரியும். தினமும் மாநில நெடுஞ்சாலைகளிலும் கிராமப் பாதைகளிலும் போகிறவர்களுக்குக் கேஸ் உகந்தது. நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும், முதியோர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, கார் எந்த வகையோடு வந்ததோ அதே வகை போதும். எதை வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக வாங்க வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், திடீரென்று பிரேக் போடும் சமயத்தில் இரு சக்கரங்களும் ஒரே பிடிப்போடு சாலையைத் தொடாமல், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்ட்ரட்டோடு கூட மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை, தூசியைத் தடுக்கும் பூட் ஆகிய நான்கையும் புதிதாக வாங்குங்கள். மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சிறியது. ஆனால் கிழிந்த பூட்டின் வழியே நுழையும் மணல் தண்டின் குரோம் பூச்சில் கோடு கிழித்து, புது சீலைச் சில மாதங்களில் அறுத்துவிடும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து, அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, சுருள்களில் விரிசலோ துரு அரிப்போ காணாவிட்டால் பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கீழ்ச் சுருளை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். தண்ணீரும் உப்பும் தேங்கும் இடம் அது, ஸ்பிரிங் ஒடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இப்போது முக்கியமான தேர்வு: வேலையை யார் செய்வது? கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால் கூலி அதிகம். ஆனால் லிஃப்ட், சரியான கருவிகள், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு, முடிந்தவுடன் சக்கர அலைன்மென்ட் என்று எல்லாம் ஓரிடத்தில் அமைந்திருக்கும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்தால் கூலி குறையும். வேலையின் தரம் அவரவர் பொறுமையைப் பொறுத்தது. முழுவதையும் வீட்டிலேயே செய்தால் கூலி அறவே மிச்சம். அதோடு, அடியில் உள்ள ஒவ்வொரு புஷ்ஷையும் பூட்டையும் பிரேக் ஹோஸையும் தன் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைக்கிறது. அதை நான் கூலி மிச்சத்தைவிடப் பெரிய லாபமாகக் கருதுகிறேன். ஆனால் முழுவதையும் வீட்டில் செய்வதற்கும், முழுவதையும் வெளியில் கொடுப்பதற்கும் நடுவே நான்காவது வழி ஒன்று இருக்கிறது. நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றுவதையும் திரும்ப மாட்டுவதையும் வீட்டில் வைத்துக்கொண்டு, பழைய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துப் புது ஸ்ட்ரட்டில் ஏற்றும் வேலையை மட்டும் ஸ்பிரிங்கை அமுக்கும் பெஞ்ச் கம்ப்ரஸர் உள்ள ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுவதே அந்த வழி.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், இந்த இரண்டு வேலைகளும் முற்றிலும் வேறான தன்மை உடையவை என்பதே. கழற்றி மாட்டுவதற்கு வேண்டியவை பொறுமை, நல்ல ஜாக், சரியான ஸ்பானர்; தவறு நேர்ந்தாலும் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். ஸ்பிரிங்கைக் கையாளுவதில் ஒரு தவறுக்கு இரண்டாம் வாய்ப்பில்லை. ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள சிறிய காரில், முன்புறம் கனமாதலால், ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் வண்டி சும்மா நிற்கும்போதே சுமார் 200 கிலோ பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பிறகும், மேல் மவுண்ட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே அது பாதி அமுங்கியபடியேதான் சிறைப்பட்டிருக்கும். அந்தச் சிறையின் தாழ்ப்பாள், தண்டின் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. ஸ்பிரிங்கைத் தனியாக அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், மவுண்ட் துப்பாக்கிக் குண்டைப்போலப் பறந்துவிடும்.

கடைகளில் விற்கும் இரட்டைக் கொக்கிக் கம்ப்ரஸர் என்பது, ஸ்பிரிங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டி, நீண்ட திருகுகளை மாறி மாறி முறுக்கி அமுக்கும் சாதனம். அது வேலை செய்யும். பல நாடுகளில் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்துகொள்கிறவர்கள் அதைக் கொண்டே செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங் கம்பி உருண்டையானது, சுருள்கள் சாய்வானவை. கொக்கிகள் நேரெதிராக இல்லாமல் சற்று விலகி அமைந்தால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து, கொக்கி சுருளின்மேல் வழுக்கி நகர ஆரம்பிக்கிறது. மலிவான கம்ப்ரஸரில் மரை உரிந்துபோவதும் உண்டு. ஒர்க்ஷாப்பில் பெஞ்சில் பொருத்தப்பட்ட கம்ப்ரஸரோ, மேல் சுருளையும் கீழ்ச் சுருளையும் அகன்ற தாடைகளால் கவ்விக்கொண்டு, ஒரே திருகால் நேராக அமுக்குகிறது. அங்கே கவனித்துப் பார்த்தால் பயனுண்டு: கைதேர்ந்தவர் தாடைகளை மாட்டியதும் ஸ்பிரிங்கை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்ப்பார்; பிறகு திருகுவார்; மேல் மவுண்ட்டைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்றும் வரை அமுக்கிய பின்னரே நடு நட்டில் ஸ்பானரை வைப்பார். அவசரப்படும் பையனிடம், "மவுண்ட் லூசாச் சுத்துதான்னு பாருடா தம்பி, அதுக்கு முன்னாடி அந்த நட்டு மேல கை வைக்காதே" என்று சொல்வார். அந்த ஒரு சோதனையில்தான் முழு ஜாக்கிரதையும் அடங்கியிருக்கிறது. இந்த வேலைக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள், மறுக்காமல் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் எல்லாம் கோத்து முழுமையாகவே விற்கப்படும் ஸ்ட்ரட் அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கிறது. நம் ஊர்ச் சிறு கார்களுக்குப் பெரும்பாலும் தனி ஸ்ட்ரட்டே விற்கப்படுகிறது. உங்கள் வண்டிக்கு முழுத் தொகுதி கிடைத்தால், விலை கூடுதலானாலும் அதையே வாங்கி, எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒர்க்ஷாப்பில் ஏற்றி வாங்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ஸ்பிரிங்கின் கீழ் நுனி, கீழ்த் தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சரியல்ல. மேல் மவுண்ட்டின் திசைக் குறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். புதுத் தண்டைச் சுழலாமல் பிடிக்க எவரும் அதைப் பிளையரால் கவ்வக் கூடாது. தண்டின் உச்சியில் ஆலன் கீ நுழைவதற்கென்றே இடம் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன்பாகப் புது ஸ்ட்ரட்டைச் செங்குத்தாக நிறுத்தி, தண்டை மெதுவாக முழுவதும் அமுக்கி, முழுவதும் இழுத்து, நாலைந்து முறை செய்தால், படுக்கவைத்திருந்தபோது உட்குழாயில் புகுந்த காற்று வெளியேறிவிடும்.

வீட்டு வேலைக்குச் சமமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரையிலோ சாய்ந்த போர்ட்டிகோவிலோ தொடங்காதீர்கள். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கில் தூக்குங்கள். வண்டியோடு வரும் கத்தரி ஜாக் பஞ்சரான சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. வண்டியின் பாரம் ஜாக் ஸ்டாண்டின்மேல் இறங்கியிருக்க வேண்டும். செங்கல்லை நம்பி அடியில் கைவிடுவது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டும், போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சும் வாங்க மனமில்லாதவர்கள், எவ்வளவு கைத்திறன் உள்ளவர்களாயினும், முழு வேலையையும் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

சக்கரத்தைக் கழற்றியதும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் கண்ணில் படும். அவற்றுக்கு முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால், மறுநாள் பாதிச் சிரமம் குறைந்துபோகும். அவற்றைத் தொடுமுன், நக்கிளும் ஸ்ட்ரட்டின் காதும் சந்திக்கும் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். துவாரங்களில் போல்ட்டைச் சுற்றிச் சிறிது இடைவெளி இருப்பதால், திரும்ப மாட்டும்போது சக்கரம் முன்னிருந்த சாய்வுக்கு ஏறக்குறைய வந்து சேர அந்தக் குறி உதவும். ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன் அதே இடத்தைப் புது ஸ்ட்ரட்டின் காதிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளிப்பையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விடுவித்து, போல்ட்டுகளை எடுக்கும் அதே நிமிஷத்தில் நக்கிளை ஒரு கம்பியால் பாடியோடு கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் அது வெளிப்புறமாகச் சாய்ந்து, ஹோஸை இழுப்பதோடு, டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டையும் அதன் கூட்டிலிருந்து இழுத்துவிடும். இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான். கடைசியாக, பானட்டுக்குள் மவுண்ட்டைப் பாடியோடு பிடிக்கும் இரண்டோ மூன்றோ சிறு நட்டுகளைக் கழற்றும்போது ஒருவர் கீழிருந்து ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொள்ளட்டும். அந்தச் சிறு நட்டுகளின் நடுவே இருக்கும் பெரிய நட்டை எக்காரணத்தைக் கொண்டும் தொடக் கூடாது.

மாட்டுவது இதற்கு நேரெதிரான வரிசை: மேல் நட்டுகளைக் கையால் பிடிக்கவைத்து, கீழ் போல்ட்டுகளைக் குறியோடு சேர்த்து முறுக்கி, ஹோஸும் ஒயரும் முறுக்கலின்றி அமர்ந்திருக்கின்றனவா என்று ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மானுவலில் உள்ள எண்ணையே டார்க் ரெஞ்சில் வையுங்கள். ஒருமுறை கழற்றிய லாக் நட்டுக்குப் பதிலாகப் புது நட்டைப் போடுவது சில ரூபாய்ச் செலவுதான். ரப்பர் புஷ் உள்ள எந்த இணைப்பையும் கழற்றியிருந்தால், சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே அதை முடிவாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், புஷ் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழியும்.

பெயின்ட் குறி எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் அலைன்மென்ட்டைத் தவிர்க்க முடியாது. அந்தக் குறி, அலைன்மென்ட் கடை வரை வண்டியைப் பத்திரமாக ஓட்டிச் செல்வதற்கு மட்டுமே. கடையில் சாதாரணமாக, சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ அளவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள். ஸ்ட்ரட் மாற்றியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, இரு பக்கத்துக் கேம்பரையும், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வையும், அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தால், நக்கிளின் இரண்டு போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பாகத்தை உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உரிய அளவுக்கு முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேம்பர் மாறினால் டோவும் கூடவே மாறிவிடுமாதலால், கேம்பரை முதலில் முடித்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிய பிறகே டோவைத் திருத்த வேண்டும்.